விளிம்பில் நின்றவன்

போனைச் சார்ஜில் போடும்படி மனைவி மாரீஸ்வரியிடம் நீட்டிவிட்டு, நாகராஜ் கைலியை மடித்துக் கட்டினான். மும்பை தேவ்நாரில் அண்ணனும் தம்பியுமாகப் புதிதாகத் தொடங்கிய தபேலா, எருமைத் தொழுவம் அது. எருமைகளின் சாணி போய் விழும் மூடிய தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, இறங்காத. மெஷினுக்குச் சொல்லியிருக்கேன்," என்றான் பேச்சிராஜா.

"மூடியத் திறந்து எவ்வளவு நேரமாச்சு! நாத்தமே போயிட்டுல்லா."

தாராவித் தோல் பட்டறையில் தொட்டி கழுவிய காலத்திலிருந்து நாகராஜுக்கு எல்லாவற்றுக்கும் மூக்குதான் அத்தாட்சி.

"விஷவாயுல மூக்கு மரத்துப்போனாலும் நாத்தம் தெரியாதாம்ணே. அப்பத்தான் ஆபத்துன்னு கிளாஸ்ல சொன்னாவ."

"ஏசி ஹால்ல உக்காந்து சமோசா தின்னுட்டு வந்து எனக்கே பாடம் எடுக்கியோல?"

சிரித்துக்கொண்டேதான் இறங்கினான். பாதி ஏணியில் கை நழுவிற்று.

மாரீஸ்வரி ஓடினாள். பேச்சிராஜா அவளை இடுப்போடு பிடித்துக்கொண்டான். கயிறு வீசினான், தீயணைப்புக்காரர்களை அழைத்தான், தொண்டை கிழியக் கத்தினான். தொட்டிக்குள் மட்டும் இறங்கவில்லை. முகமூடி போட்டவர்கள் வந்து தூக்கியபோது நாகராஜ் போயிருந்தான்.

கால்நடை வளர்க்க வந்த புதியவர்களுக்குச் செம்பூரில் நடந்த பாதுகாப்பு வகுப்புக்குத் தபேலாவுக்கு ஒருவரைத்தான் கூப்பிட்டார்கள். "நீ போல, உனக்குத்தான் ஹிந்தி வாசிக்க வரும்," என்று தம்பியை அனுப்பிவைத்தவனே நாகராஜ்தான். பேச்சிராஜாவின் மனைவி கீதா அவன் வகுப்பில் இருந்த போட்டோவை ஊருக்கெல்லாம் அனுப்பியபோது மாரீஸ்வரிக்குச் சுருக்கென்றது. அதெல்லாம் இப்போது ஒன்றுமேயில்லை. ஒரே வீட்டை இரண்டாக்கிய தடுப்புக்கு அந்தப் பக்கம் கீதா "ஏங்க" என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும் இவளுக்கு வயிறு எரிந்தது. அவள் கொடுத்துவிட்ட மீன்குழம்பைத் தொடாமல் ஊசப்போட்டாள்.

"கூடப் பொறந்தவன்னா குதிச்சிருப்பான்," என்று குழாயடியில் சொன்னாள். அது கீதாவின் காதுக்குப் போனது.

"அவுகளும் போயிருக்கணும்ங்கியளாக்கா?"

"ஆமா," என்றாள் மாரீஸ்வரி.

அடுத்த வகுப்புக்கு அவளே பெயர் கொடுத்தாள். வகுப்பில் சொன்னபடிதான் செய்தேன் என்று பேச்சிராஜா சொல்லியிருந்தான். அப்படியெல்லாம் யாரும் சொல்லித்தர மாட்டார்கள், பயந்துபோய் நின்றவன் வகுப்பின் மேல் பழி போடுகிறான் என்று நிச்சயமாக நம்பியிருந்தாள். தெரிந்த ஹிந்தியில் எழுந்து கேட்டாள்: கண் முன்னால் அண்ணன் விழுந்து கிடக்கும்போது தம்பி நின்று பார்ப்பானா?

பாடம் நடத்திய அம்மாள் அவளை ஒரு கணம் பார்த்தாள். "இறங்கக் கூடாதும்மா. இறங்கினால் அவனும் போவான். ஓடி வருகிறவர்களையும் பிடித்து நிறுத்த வேண்டும்."

மாரீஸ்வரி உட்கார்ந்தாள். அவன்மேல் தப்பென்று ஒன்று இருந்திருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது மிஞ்சியிருக்கும்.

அவள் வீடு திரும்பியபோது வாசலிலேயே பேச்சிராஜா நின்றான். "என்ன மதினி சொன்னாவ?"

"நீ செஞ்சதைத்தான்."

அவன் கவிழ்த்துவைத்திருந்த பால்கேனில் உட்கார்ந்து, பிள்ளைபோல அழுதான். கீதா ஓடிவந்து முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். துடைக்க ஒரு முகம் இருக்கிறது அவளுக்கு. மாரீஸ்வரி உள்ளே போய்விட்டாள்.

விளக்கு வைத்தபின், ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டதற்காகக் கீதா புருஷனை வழக்கம்போல் ஏசுவது தடுப்புக்கு இந்தப் பக்கம் மாரீஸ்வரிக்குக் கேட்டது.