மிளகு மூட்டையில் ஒரு தும்மல்

டேப் ரெக்கார்டரை எங்கள் தகரப்பெட்டியின் மேல் வைத்து ஒரு பொத்தானை அமுக்கினாள் கனகாம்பாள் டீச்சர். "பேசுங்கோ பெரியவரே. இதைக் கண்டு பயப்பட வேண்டாம்" என்றாள். எனக்கென்ன பயம்? மட்டாஞ்சேரி பஜாரில் மூட்டை தூக்கிய காலத்தில், மழைக்கு ஒதுங்கிய யானைக்கு என் குடையில் பாதியைக் கொடுத்தவன் நான். மீதிப் பாதியில் நானும் நனையாமல்தான் நின்றேன். அதை அப்படியே சொன்னேன். ரெக்கார்டர் பெட்டிக்குள் இரண்டு சக்கரங்களும் மரியாதையாகச் சுற்றிக் கேட்டுக்கொண்டன.

டீச்சர் பாலக்காட்டுக்காரி. எறணாகுளத்தில் ஏதோ கல்லூரியில் பாடம் சொல்கிறாள். பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களின் கதையை அவரவர் வாயாலேயே பதிய வேண்டுமென்று அந்த எண்பத்திரண்டாம் வருஷம் எங்கள் சந்தில் வீடுவீடாக ஏறிக்கொண்டிருந்தாள். முதலில் புருஷனைக் கேட்பாள். அப்புறம் அதே கேள்விகளைப் பெண்சாதியிடம் கேட்பாள்.

"பொண்ணு எங்க பொறந்தா?" என்றாள்.

வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். "படகுலேருந்து மிளகு மூட்டை எறக்கிட்டிருந்தேன். தோள்ல இருந்த மூட்டை தும்முச்சு. அவுத்துப் பாத்தா இவ. மேஸ்திரி அன்னைக்குக் கூலியோட சேத்து அனுப்பிட்டாரு."

டீச்சர் சிரித்தாள். நடையில் உட்கார்ந்து பயறு ஒடித்துக்கொண்டிருந்த என் மகள் பாக்கியலக்ஷ்மியும் சிரித்தாள். "அய்யா எப்பவும் இதுதான் டீச்சரே. இந்தச் சந்து முழுக்க எனக்கு மிளகுப் பொண்ணுன்னு பேரு."

என் வாயிலிருந்து வரும் எதையும் இந்தச் சந்தில் யாரும் நம்புவதில்லை. புளுகன் என்ற அந்தப் பெயரைச் சம்பாதிக்க நான் ரொம்பப் பாடுபட்டிருக்கிறேன். ஏனென்றால் பாக்கியம் கிடந்தது நிஜமாகவே மூட்டையில்தான். ஒரு விடியற்காலை படகுத்துறையில், அவிழ்ந்து கிடந்த சாக்கு ஒன்றில், மூக்கில் மிளகுத்தூள் ஏறித் தும்மித் தும்மிச் சிவந்து கிடந்தாள். யாரும் தேடி வரவில்லை. பிள்ளையில்லாத என் பெண்சாதி ஒச்சம்மாள் அவளை வாங்கி மாரோடு அணைத்தவள், அந்த வாரமே அவளோடு எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கு ரயிலேறி, சில மாதம் கழித்து, பேறுகாலம் முடிந்தவளைப் போலத் திரும்பி வந்தாள். யாரும் கிசுகிசுப்பதற்கு முன்னால் நானே மூட்டைக் கதையை அவிழ்த்துவிட்டேன். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். பாக்கியத்துக்கு மட்டும் அது நிஜமென்று தெரியவே கூடாது. தெரிந்தால் மறுநாள் காலையில் எங்களை என்னவென்று கூப்பிடுவாள்?

டீச்சர் பதிந்ததைத் திருப்பிப் போட்டாள். பெட்டிக்குள்ளிருந்து என் குரல் யானைக்குக் குடை பிடித்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த ஒச்சம்மாள் உள்ளே போனாள். கால் கழுவும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது நெற்றி நிறையத் திருநீறு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டியின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

எதற்கென்று எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் சாமிக்குச் சிலை கிடையாது, பெட்டிதான். சிவராத்திரிக்குத் தலையில் சுமந்து வருவார்கள். அதன் முன்னால் எவனும் பொய் சொல்லமாட்டான். சொன்னால் நாக்கு அழுகும். பாக்கியத்துக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து ஒச்சம்மாள் அவளைக் கூட்டிப்போய், கால் கழுவி, திருநீறு பூசி அந்தப் பெட்டி முன்னால் நிறுத்தியிருக்கிறாள். இப்போது ஒச்சம்மாளுக்கு, வாயில்லாமல் பேசும் இந்தப் பெட்டியும் அந்தப் பெட்டிதான்.

"பாக்கியம், டீச்சரம்மாவுக்கு ஓடிப்போய் சாயா வாங்கிட்டு வா."

"இப்பத்தானே குடிச்சாங்க? ஆத்தா பேசுறத நான் கேக்கணும்."

இருமினேன். நிறுத்தாமல் இருமினேன்.

"பெரியவரே, உங்க இருமலாக்கும் பதியறது" என்றாள் டீச்சர்.

தண்ணீர்ச் செம்பை அந்தப் பெட்டியின் மேல் கவிழ்த்துவிடலாமா என்று பார்த்தேன். தூக்கிய அவசரத்தில் செம்பு என் வேட்டியிலேயே கவிழ்ந்தது. ஒச்சம்மாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டீச்சர் ஊர் கேட்டாள், கல்யாணம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் சாட்சிக்கூண்டில் நிற்பவளைப் போலப் பதில் வந்தது. அப்புறம் அந்தக் கேள்வி.

"பொண்ணு எங்க பொறந்தா?"

ஒச்சம்மாள் வாயைத் திறந்தாள். மூடினாள். வெளியே பஜார் ஆடு ஒன்று கத்தியது. சக்கரங்கள் சுற்றிக்கொண்டே இருந்தன.

"அதான் அவரு சொன்னாருல்ல."

"அது கதையாக்கும். நீங்க நெசத்தைச் சொல்லுங்கோ."

"அவரு சொன்னதுதான்" என்றாள் ஒச்சம்மாள், பெட்டியைப் பார்த்து. "மூட்டையிலதான் கெடந்தா."

டீச்சர் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "புருஷனுக்கு ஏத்த பொண்டாட்டி!" நானும் சிரித்தேன், பல் தந்தியடித்ததைச் சிரிப்பென்று எடுத்துக்கொள்ள முடியுமானால். பாக்கியமும் சிரிக்கத் தொடங்கினாள். அம்மாவின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தாள். கழுவி இன்னும் காயாத காலைப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"டீச்சரே, அத இன்னும் ஒருக்கா போடுங்க."

டீச்சர் போட்டாள். கேள்வி வந்தது. பிறகு ஒன்றுமில்லை, ஆடு மட்டும் கத்தியது. 'மூட்டையிலதான் கெடந்தா.' ஒச்சம்மாள் தரையைப் பார்த்தபடி இருந்தாள். எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமென்று என் நாக்கைத் தேடினேன், அது கிடைக்கவில்லை.

பாக்கியம் ஒடித்த பயற்றை மடியிலிருந்து கீழே வைத்தாள். யாரையும் பார்க்காமல், தன் முழங்கையை மெல்ல முகத்தருகே கொண்டுபோய், மிளகு வாசம் அடிக்கிறதா என்று முகர்ந்தாள்.