கீழே என்றால் எந்த வாசல்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வரும் ஒரு பயண இதழ் ‘சோங்சிங்: தவறவிடக் கூடாத இடங்கள்’ என்று ஒரு கட்டுரை கேட்டது. மோட்டார்சைக்கிள் உதிரிபாக வியாபாரத்துக்காகச் சீனாவில் இருக்கும் இந்த ஊருக்கு வந்து, வியாபாரம் போன பிறகும் போகாமல் தங்கிவிட்டவன் நான். இடத்துக்கு நாலு வரி, அரைநாள் வேலை என்று உட்கார்ந்தேன்.

முதல் வரி இப்படி வந்தது:

மலைமேல் எழுந்த மாநகரம், இரு நதிகள் தழுவிக்கொள்ளும்

(வேண்டாம். நதிகள் தழுவிக்கொள்ள ஆரம்பித்தால் நானே பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.)

இரண்டாவது:

இங்கே வருபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, குடியிருப்புக் கட்டடத்தின் வயிற்றுக்குள் புகுந்து மறுபக்கம் வெளியே வரும் ரயில்.

இதில் பொய் இல்லை. கீழே சாலையில் கூட்டம் கூட்டமாக நின்று, ரயிலை விழுங்குவதுபோல வாயைப் பிளந்து படம் எடுத்துக்கொள்வார்கள். உள்ளே உட்கார்ந்து வேலைக்குப் போகும் நான் தினமும் போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை விழுங்கப்படுகிறேன். ஆனால் இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. குடியிருக்கும் ஊரை யார் சுற்றிப் பார்க்கிறார்கள்? அதனால் வெட்கத்தை விட்டு, வெளியூர்க்காரனைப் போலத் தொப்பி போட்டுக்கொண்டு ஒரு சுற்றுலாக் கூட்டத்தில் சேர்ந்தேன். வழிகாட்டியின் பெயர் டூ யான்ச்சியூ.

2

டூ அக்காவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். இடுப்பில் ஒலிபெருக்கி. கையில் ஒரு குச்சி, அதன் நுனியில் துணியில் தைத்த சிவப்பு மிளகாய். மற்ற வழிகாட்டிகளைப் போலக் கொடி பிடிக்க மாட்டாள். கொடி பிடித்தால் யார் பின்னால் போகிறோம் என்று சனங்களுக்கே மறந்துபோகிறது என்பாள்.

யாங்சி ஆற்றின் மேல் கம்பியில் போகும் தொங்குவண்டிக்கு வரிசை தெரு முனை வரை நின்றது. யாரோ முணுமுணுத்தார்கள்.

“படகுலயே போயிடலாமே அக்கா?”

“படகா? கால் கடுத்தாலும் வரிசையில நில்லுங்க. படகுல போகாதீங்க. நான் சொல்றேன்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு இரண்டு ஆறுகளும் சேரும் முனைக்குப் போனோம். ஒன்று பழுப்பு, ஒன்று பச்சை, கொஞ்ச தூரம் கலக்காமல் பக்கத்தில் பக்கத்தில் போகும். கடைசியாக அவள் கூட்டத்தை அழைத்துவந்து நிறுத்திய இடம் என் வீடு.

என் வீடு என்றால் நான் எட்டாவது மாடியில் இருக்கும் கட்டடம். மலைச்சரிவில் முதுகைச் சாய்த்து நிற்கிறது. தரைத்தளத்தில் ஒரு வாசல், அது ஆற்றோரத் தெருவில் திறக்கிறது. இருபத்திரண்டாவது மாடியில் இன்னொரு வாசல், அது ஒரு பாலம் வழியாக மேல்தெருவில் திறக்கிறது. உப்பு வாங்க இறங்குவேன், பல் பிடுங்க ஏறுவேன். இரண்டும் தரைதான்.

அங்கே வைத்துத்தான் அவள் தன் நகைச்சுவையைச் சொல்வாள்.

“எங்க ஊர்ல காதலிக்கிறவங்க ‘கீழ நில்லு’ன்னு மட்டும் சொல்லிடக் கூடாது. ஒரு பொண்ணு இருந்தா. ‘கட்டடத்துக்குக் கீழ நில்லு, வந்துடறேன்’னான் பையன். அவ இந்தக் கீழ்வாசல்ல நின்னா. அவன் இருபத்திநாலாவது மாடிக்காரன். அவனுக்கு ரெண்டு மாடி எறங்கினா அதுதான் கீழ. அங்க நின்னான். பொழுது சாயற வரைக்கும் ரெண்டு பேரும் நின்னாங்க. ‘வரல பாரு’ன்னு ரெண்டு பேரும் திட்டிக்கிட்டே போயிட்டாங்க.”

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அதன் பிறகு அவள் ஒன்று கேட்டாள்: “கடற்கரைப் பக்கத்திலேர்ந்து வந்தவங்க யாராவது இருக்கீங்களா?” இரண்டு பேர் கை தூக்கினார்கள். அவர்கள் பக்கத்தில் போய் அதே நகைச்சுவையை மறுபடி முழுக்கச் சொன்னாள், மெதுவாக, ஒரு சொல்லும் விடாமல். “ஊருக்குப் போய் நாலு பேர்கிட்டச் சொல்லுங்க” என்றாள்.

சுற்றுலாக் கட்டுரை அங்கேயே செத்துப்போனது.

3

கதையாக எழுதத் தொடங்கினேன். முதல் வரைவில் அந்தப் பெண்ணுக்கு இருபது வயது. இடுப்பு வரை கூந்தல் கொடுத்தேன் (இது வழக்கமான திருட்டு). மழை பெய்ய வைத்தேன். கையில் நீலக் குடை கொடுத்தேன். குடையை மடிக்காமல் அவள் வாசலில் நிற்கும் பத்தி நன்றாக வந்திருந்தது, எனக்கே கொஞ்சம் கர்வம். ஆனால் ஆள் மட்டும் உயிரோடு இல்லை. கடைப் பொம்மைக்குச் சேலை கட்டியதுபோல நின்றாள்.

கீழ்வாசலுக்கு எதிரே இருக்கும் கடையில் டூ அக்கா காலையில் காரநூடுல்ஸ் சாப்பிடுவாள். எதிரில் போய் உட்கார்ந்து, எழுதியதை அவள் மொழியில் சொல்லிக்காட்டினேன். (அவளுடைய சோங்சிங் பேச்சை நான் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். என் காதில் அது இப்படித்தான் விழுகிறது.)

“குடை எதுக்கு?” என்றாள். “அன்னைக்கு மழையே இல்ல.”

“என்னைக்கு?”

சாப்பிடும் குச்சிகளால் என் கிண்ணத்தைக் காட்டினாள்.

“சாப்பிடு தம்பி. ஊறிப்போகுது பாரு.”

4

நீலக் குடைப் பத்தி முழுவதையும் அடித்துவிட்டேன். அவள் சொன்னது இவ்வளவுதான்.

அவன் பெயர் ஷியாங். ஆற்றின் கீழ்ப்போக்கில், ஆரஞ்சு விளையும் ஊர்க்காரன். இங்கே மண்டியில் மூட்டை தூக்கும் வேலை, எங்கள் கட்டடத்தின் இருபத்திநாலாவது மாடியில் சித்தப்பா வீட்டில் ஒண்டல். ஆற்றில் பெரிய அணை வந்து அவன் ஊர் தண்ணீருக்கு அடியில் போகவிருந்தது. அரசாங்கத்தில் அவர்களைக் குடும்பத்தோடு தூரத்துக் கடற்கரை மாகாணத்தில் குடியேற அனுப்பினார்கள். கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, ‘கூட வர்றியா? யோசிச்சுட்டு, கிளம்புற அன்னைக்குக் கட்டடத்துக்குக் கீழ வந்து சொல்லு. ஊர் ஆரஞ்சு கொண்டுவர்றேன், கடைசிப் பறிப்பு’ என்றானாம்.

அவள் தென்கரையில் இருந்தாள். அவனைப் பார்க்க எப்போதும் தொங்குவண்டியில் வருவாள், ஆனால் இந்தக் கட்டடத்துக்கு அதுவரை வந்ததில்லை. அதில் வந்திருந்தால் மேல்தெரு வழியாக வந்து மேல்வாசலைப் பார்த்திருப்பாள். அன்று வரிசை பெரிதாக இருந்தது. அவசரம். படகில் ஏறினாள். படகில் வந்தவள் ஆற்றங்கரையிலிருந்து படியேறி வந்தாள். கண்ணில் பட்டது கீழ்வாசல். அப்போது கட்டடம் புதிது. மேலே இன்னொரு வாசல் இருப்பது அவளுக்குத் தெரியாது.

“என்ன சொல்றதுக்கு வந்தீங்க அக்கா?”

“துணியெல்லாம் மடிச்சு மூட்டை கட்டிக்கிட்டு வந்தேன். வேற என்ன சொல்ல வந்திருப்பேன்?”

மாலைப் படகில் அவன் போனான். அந்த இரண்டு நிறத் தண்ணீர் முனையிலிருந்து. அவன் ஊரும் போனது, விலாசமும் போனது. மனசு மாறிவிட்டான் என்று அவள் நம்பினாள். பல வருடம் நம்பினாள். பிறகு வழிகாட்டி வேலையில் சேர்ந்தாள்.

“மொத நாள். மொதக் கூட்டம். பார்க்க வேண்டிய இடம்னு இந்தக் கட்டடத்தையும் குடுத்திருந்தாங்க. எல்லாரையும் லிஃப்ட்ல ஏத்தி இருபத்திரண்டு அமுக்கினேன். கதவு தொறந்துது. எதிர்க்க தெரு. பஸ் போகுது, ஒருத்தன் நாயைக் கூட்டிக்கிட்டுப் போறான். எல்லாரும் ‘அட’ன்னு சிரிக்கிறாங்க. நானும் சிரிச்சேன் தம்பி. சிரிச்சுக்கிட்டே அந்தப் பாலத்துக் கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டேன். இங்கதான நின்னிருப்பான்னு.”

இதழ்க்காரர்கள் வைத்த தலைப்பைத் திரும்பப் பார்த்தேன். தவறவிடக் கூடாத இடங்கள்.

5

ஓர் ஓரக்குறிப்பு. கதைக்குத் தேவையில்லை, ஆனாலும் விட மனமில்லை. தமிழ்நாட்டில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சண்டை போட்டால் ‘டூ’ விடுவார்கள் என்று அவளிடம் சொன்னேன். பேச்சு கிடையாது என்று அர்த்தம்.

“அப்ப நான் பொறந்ததுலேர்ந்தே டூவா?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சேரணும்னா என்ன சொல்வீங்க?”

“பழம்.”

சிரிப்பு நின்றுவிட்டது. “பழமா?” என்றாள் இன்னொரு முறை.

6

முடிவுகள்.

அ) கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒருவர் நகைச்சுவையைக் கொண்டுபோய் மீன்கடையில் சொல்கிறார். மீன் வாங்க நின்ற நரைத்த ஆள் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

“சினிமா” என்றாள் டூ அக்கா.

ஆ) அவருக்கு மனைவி, பேரன் எல்லாம் இருக்கிறார்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போய்

“இருக்கட்டுமே. பேரன் இருந்தா ஆரஞ்சு வாங்கக் கூடாதுன்னு சட்டமா?”

இ) அவர் செத்து

இதை நான் சொல்லி முடிக்கவில்லை. குச்சி மிளகாயால் என் தலையில் ஒரு தட்டு.

“பொண்ணை எழுது, வாசலை எழுது, படகை எழுது. முடிவை மட்டும் எழுதாத. நல்லதா முடிச்சாலும் வேணாம்.”

“ஏன்க்கா?”

“நீ முடிச்சுட்டா நாளைக்கு நான் எதுக்கு அங்க நிக்கணும்?”

வாக்குக் கொடுத்தேன். எழுதுகிறவன் கொடுக்கும் வாக்கு எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் கொடுத்தேன்.

7

இது முடிவு அல்ல. எனக்கு ஏற்பட்ட ஒரு சங்கடம் மட்டுமே.

வழிகாட்டியான அந்த முதல் நாளுக்குப் பிறகு டூ அக்கா கீழ்வாசலில் நிற்பதே இல்லை, நகைச்சுவை சொல்லும் நேரம் தவிர. கூட்டத்தைக் கீழே விட்டு, நீங்களே ஏறி வாருங்கள் என்று சொல்லிவிட்டு, தான் முன்னால் போய் மேல்வாசலில், பாலத்துக் கைப்பிடி ஓரம், நின்றுகொள்வாள். அவன் நின்ற இடம் அல்லவா. திரும்பி வந்தால் அங்கேதான் வருவான் என்பது அவள் கணக்கு.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அவள் சொன்ன நகைச்சுவை எப்படியோ ஷியாங்கின் காதுக்குப் போய்ச் சேர்ந்தால், அன்று அவள் எங்கே நின்றாள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். அவர் எந்த வாசலுக்கு வருவார்?

இதை நான் அவளிடம் சொல்லவில்லை.

இன்று உப்பு வாங்கிக்கொண்டு கீழ்வாசல் வழியாக நுழைந்தேன். மேலே பாலத்து ஓரத்தில் மிளகாய் ஒரு சிவப்புப் புள்ளியாக ஆடிக்கொண்டிருப்பதைத் தெருவிலிருந்தே பார்த்துவிட்டுத்தான் நுழைந்தேன். லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரோரம் ஒருவர் நின்றிருந்தார். தலை நரைத்திருந்தது. உள்ளே வருகிற பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஒரு பை. பையில் பழம்.

(ஆரஞ்சுக் காலம் இது. இந்த ஊரில் பாதிப் பேர் கையில் ஆரஞ்சுப் பை இருக்கிறது. வெளியூர்க்காரர்கள் எல்லா வாசலிலும் திகைத்து நிற்கிறார்கள். இந்த ஆளை நான் பார்த்தேனா, ஆசைப்பட்டு எழுதினேனா என்று கேட்காதீர்கள்.)

நான் லிஃப்டுக்குள் போனதும் அவர் ஓர் அடி முன்னால் வந்தார். கடற்கரைக்காரர்களின் இழுப்பு பேச்சில் இருந்தது. அதற்கு அடியில் எங்கள் ஆற்றுப் பேச்சு கொஞ்சம் மிச்சமிருந்தது.

“தம்பி, கட்டடத்துக்குக் கீழேன்னா இதுதான?”

நான் முடிவை எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவன், வாயைத் திறக்க முடியாது. உப்புப் பையைக் கையில் பிடித்தபடி, லிஃப்ட் கதவு மூடாமல் காலால் தடுத்து வைத்திருக்கிறேன். அவள் இருபத்திரண்டாவது மாடியில் நிற்கிறாள். நீங்கள் யாருக்கும் எந்த வாக்கும் கொடுக்கவில்லையே. அவர் கேட்கிறார், பதில் சொல்லுங்கள்.