பிடுங்கி வீடு

அயர்லாந்தில் ராஸ்காமன் நூலகத்தின் மூலையில், பழைய வாரப் பத்திரிகையின் படச்சுருளைக் கருவியில் மாட்டிக்கொண்டு மரீட் டொலன் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மாட்டுச் சந்தை விலை, பாதிரியார் மாறுதல், குடித்துவிட்டு வண்டியைக் கவிழ்த்தவன் வழக்கு என்று திரையில் நூற்று முப்பது வருஷத்துக்கு முந்தைய ஊர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தேடியது டான்ஸி என்ற ஒரே பெயரை.

அவள் மகள் ஓர்லா, பக்கத்துப் பண்ணை காஹல் டான்ஸியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். ஓர்லாவின் அப்பா உயிரோடு இல்லை. தேவாலயத்தில் பெண்ணின் கையைப் பிடித்து அழைத்துப் போக வேண்டியவர் மரீடின் அப்பா, தாத்தா பாக்கி. அவர் மாட்டேன் என்றுவிட்டார். "அந்தப் பிடுங்கி வீட்டுக்கு எம் பேத்திய நானே கூட்டிட்டுப் போய் விடணுமா? வேற ஆளப் பாருங்க."

பிடுங்கி என்ற சொல்லுக்கு அந்த ஊரில் யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரத் துரை ஒரு குடும்பத்தை வெளியே தள்ளினால், அந்த நிலத்தை இன்னொரு குத்தகைக்காரன் எடுக்கக் கூடாது. எடுத்தவனுக்குக் கடையில் மாவு கிடைக்காது. அவன் குதிரைக்குக் கொல்லன் லாடம் அடிக்க மாட்டான். தேவாலயத்தில் அவன் உட்கார்ந்த பெஞ்சு காலியாகிவிடும். டொலன்களின் மேட்டு வயலை டான்ஸிகள் அப்படிப் பிடுங்கினார்கள், பிறகு ஊருக்குப் பயந்து திருப்பிக் கொடுத்தார்கள் என்பது மரீட் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. ஏதோ பசிக் கொடுமையில் செய்திருப்பார்கள், அப்படி ஒரு வரி கிடைத்தால் அப்பா மனம் இளகுவார் என்று நம்பித்தான் வந்திருந்தாள்.

நூலகர் அடுத்த சுருளைக் கொண்டுவந்து வைத்தார். "இங்க வர்ற எல்லாரோட கொள்ளுத்தாத்தாவும் வீரர்தாங்க. அப்ப துரைகிட்ட கைகட்டி நின்னது யாருன்னுதான் எனக்கு இன்னும் தெரியல."

மரீட் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே அந்தப் பத்தி திரைக்கு வந்தது.

ஞாயிற்றுப் பூசைக்குப் பின் கூடிய, குத்தகைக்காரர்களின் நிலச் சங்கக் கிளையின் செய்தி அது. வெளியேற்றப்பட்ட மைக்கேல் டான்ஸியின் மேட்டு வயலைத் தான் எடுத்தது தவறு என்று பிலிப் டொலன் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். நிலத்தை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தார். சங்கம் ஏற்றுக்கொண்டது.

பிலிப், அவள் அப்பாவின் தாத்தா. மேட்டு வயலில் இன்று காலைகூட அவர்கள் மாடுகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன.

"கெடச்சுதாங்க?" என்றார் நூலகர்.

"இல்லைங்க," என்றாள் மரீட். திரையை உடம்பால் மறைத்துக்கொண்டுதான் அந்தப் பக்கத்தை நகல் எடுத்தாள்.

வீட்டில் பாக்கி உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தார். நகலைக் கண்ணாடி போட்டுப் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"பேப்பர்காரன் என்ன வேணா எழுதுவான்."

"அப்பா, அடுத்த மாசத்துப் பேப்பரும் பாத்தேன். அதுக்கடுத்ததும் பாத்தேன். யாரும் மறுப்புப் போடல. வயலையும் விடல."

பாக்கி நகலை நாலாக மடித்தார். "வர மாட்டேன்னு சொன்னேன்ல, இப்ப வர முடியாதும்மா. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வருவேன்?" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் மரீட் தனியாக டான்ஸி வீட்டுக்குப் போனாள். காஹலின் அம்மா பிரீஜ் கதவைத் திறந்தாள். கல்யாணப் பேச்செல்லாம் நகரத்து ஓட்டலில்தான் நடந்திருந்தது; அந்த வாசற்படியை மரீட் தாண்டுவது அதுவே முதல் தடவை. நகலை மேசையில் வைத்தாள். பிரீஜ் அதைப் பார்த்தாளே தவிர எடுத்துப் படிக்கவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் மரீட்.

"எம் புருஷன் மார்ட்டினுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. கல்யாணமாகி வந்த மொத வாரமே எங்கிட்டச் சொல்லிட்டாரு."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பிரீஜ்."

"உங்கப்பா மூஞ்சிக்கு நேரா யாரு சொல்றது? நீ போய்ச் சொல்லியிருப்பியா?" பிரீஜ் தேநீரை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள். "என்னப் பெரிய மனசுக்காரின்னு நெனச்சிராத. மார்ட்டின் செத்தப்ப ஊரே உள்ள வந்து அவரு பக்கத்துல உக்காந்துச்சு. நீ வாசல் கேட்டோட நின்னு தலைய ஆட்டிட்டுப் போயிட்ட. அத நான் மறக்கல."

மரீட் கோப்பையைத் தொடவில்லை. அன்றைக்கு அவளைக் கேட்டோடு நிறுத்தியது அப்பா சொல்லித்தந்த கதை.

"அப்பா வர முடியாதுங்குறாரு. வெக்கமா இருக்காம்."

"வெக்கப்பட்டு வீட்டுல உக்காந்தா என்ன, கர்வத்துல உக்காந்தா என்ன? பாக்குறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஓர்லாவுக்கும் ஒண்ணுதான். வெக்கத்தோடவே வரச் சொல்லு."

மரீட் அதை ஒரு சொல் விடாமல் அப்பாவிடம் சொன்னாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு மாடுகளைப் பார்க்கப் போய்விட்டார். கல்யாணத்தன்று காலையில் அவள் எழுந்து வந்தபோது, சவரம் செய்து கோட்டுப் போட்டு, காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

தேவாலயத்தில் ஓர்லாவின் கையைப் பிடித்து மெதுவாக நடந்தார். பலிபீடத்துக்குக் கொஞ்சம் முன்னால், டான்ஸிகளின் பெஞ்சருகே நின்றார். ஆர்கன் வாசிப்பவள் குழம்பிப்போய் வாசித்ததையே திரும்ப வாசித்தாள். பாக்கி தொப்பியில்லாத தலையைக் குனிந்து பிரீஜிடம் கையை நீட்டினார். பிரீஜ் உடனே தன் கையைக் கொடுக்கவில்லை. நீட்டிய கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து நின்று பிடித்துக்கொண்டாள்.

என்ன இது என்று கேட்கும் முகம் எங்கேயாவது தென்படுமா என்று மரீட் திரும்பிப் பார்த்தாள். தபால்காரர், கடைக்காரி, முதிய சகோதரிகள் இருவர் என்று ஊரே உட்கார்ந்திருந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. வயதானவர்கள், வர வேண்டிய பேருந்து ஒருவழியாக வந்துவிட்டது போலத் தலையசைத்துக்கொண்டார்கள்.

மரீடுக்குக் காது மடல்வரை சுட்டது. பிடுங்கி வீடு எது என்று ஊரில் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்கிறது. அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டு, பாதிரியார் எழுந்து நிற்கச் சொல்லும்வரை நிமிரவே இல்லை.