ரோஸ் மலை

ஃப்ரீசர் பெட்டி வாசலில் திரும்பவில்லை. "செருப்பு ஸ்டாண்ட எடுங்கப்பா," என்றார் அறிவுச்செல்வன், செத்துப்போன மாறனுக்கு அண்ணன். இரண்டு பேர் ஸ்டாண்டை அப்படியே செருப்புகளோடு தூக்கித் தெருவில் வைத்தார்கள். பெட்டி உள்ளே போனது. கவிநிலா சுவரோரம் நின்று பார்த்தாள். காலையில் நாலு இட்லி தின்ற புருஷன் பொழுது சாய்வதற்குள் பெட்டியில் படுத்திருப்பதை அவள் புத்தி ஏற்க மறுத்தது.

ஸ்டாண்ட் இருந்த இடத்துக்கு மேலே அந்தப் படம் ஒற்றைக் கொக்கியில் கோணலாகத் தொங்கியது. அண்ணாமலைதான். ஆனால் மலை முழுக்க ரோஸ், வானம் எலுமிச்சை மஞ்சள், வானமெங்கும் பொட்டுப் பொட்டாக நீலப் புள்ளிகள், எல்லாவற்றையும் சுற்றித் தடித்த கருப்புக் கோடு. ஆசிரமத்துப் பக்கம் ஒரு காபிக் கடைக்கு மாறன் வயரிங் செய்தபோது, அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரர் பிரிண்ட் போட்டுக் கொடுத்தது. "பாப் ஆர்ட்டாம்," என்று திருவிழாவில் பலூன் வாங்கிய பிள்ளை மாதிரி நேற்று தூக்கிக்கொண்டு வந்தான். வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டுமென்று வாசலை ஒட்டி மாட்டினான். கீழே செருப்பு ஸ்டாண்ட் இருந்ததை அவன் கவனிக்கவே இல்லை.

கவிநிலா கவனித்தாள். எந்தக் கலர் அடித்தாலும் மலை மலைதானே. மலை இருக்கிற திசையில் கால் நீட்டிப் படுக்காத குடும்பத்தில் பிறந்தவள் அவள். காலையில் கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"சாமிக்குக் கீழ செருப்பு. நல்லாவா இருக்குது? கழட்டி வச்சிட்டு வேலைக்குப் போங்க."

"ரோஸ் கலர்ல எந்த ஊரு சாமிடி," என்று சிரித்துக்கொண்டேதான் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டான். ஒரு கொக்கியை விடுவித்தான். நாற்காலியின் கால் அகன்றது. பின்மண்டை வாசற்படியில் மோதியது. மூன்று மாடிக்கு ஏணி போட்டு ஏறுகிறவன் முழங்கால் உயரத்திலிருந்து விழுந்து செத்தான் என்றால் யார் நம்புவார்கள்? ஆஸ்பத்திரியில் அறுத்து, கட்டிக் கொடுத்த பிறகும் அவளே நம்பவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்களிடம் "விழுந்துட்டாரு" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். எதற்கு ஏறினான் என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். யாராவது கேட்டால் சொல்லித் தொலைத்துவிடலாமே என்ற தவிப்பு இன்னொரு பக்கம்.

அடி அண்ணாமலையிலிருந்து மாமியார் மணியம்மாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். பெட்டிப் பக்கம் போகவில்லை. வாசலிலேயே நின்று படத்தைப் பார்த்தாள்.

"இத கழட்டுறப்பவா விழுந்தான்?"

கவிநிலா மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தே, நான்தான் ஏறச் சொன்னேன். நான்தான்."

மணியம்மாள் வெறித்துப் பார்த்தாள்.

"நேத்து வீடியோ கால்ல காட்னான்மா. கீழ செருப்பு கெடந்துச்சு. விடிஞ்சதும் மொத வேலையா கழட்டிடுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன்."

இதைப் பற்றி அவன் வீட்டில் மூச்சுகூட விடவில்லை. பெண்டாட்டி சொல்லி ஏறினானா, பெற்றவள் சொல்லி ஏறினானா? கேட்டுத் தெரிந்துகொள்ள அவன் இல்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் நின்றார்கள்.

உள்ளேயிருந்து அறிவுச்செல்வன் வந்தார். "காலங்காத்தால எதுக்கு நாற்காலி மேல ஏறினான்? யாராச்சும் ஏறச் சொன்னாங்களா?"

கவிநிலா வாயைத் திறந்தாள். மணியம்மாளின் விரல்கள் அவள் மணிக்கட்டை இறுக்கின.

"யாரும் சொல்லல. அவனாதான் ஏறினான்," என்றாள் மாமியார்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு தெருப்பக்கம் போனார். அதன்பிறகுதான் மணியம்மாள் உள்ளே போய், பெட்டியின் தலைமாட்டில் விரித்திருந்த பாயில் உட்கார்ந்தாள். சற்று நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டாள்.