விக்கலுக்குக் கொடுத்த தண்ணீர்

தன்னை வெட்டப் போகிறவரைப் பூவலிங்கம் திங்கட்கிழமை கையோடு கூட்டிக்கொண்டு வரவேண்டும். அந்தக் குளிர் நாட்டு அடைக்கல அலுவலகத்தில் அதுதான் விதி. விண்ணப்பத்தின் நான்காம் பக்கத்தில் வெட்டப் போகிறவரின் கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். மூன்றாம் பக்கத்தில் அவருடைய புகைப்படம் ஒட்டவேண்டும். சிரிக்கக் கூடாது.

பூவலிங்கம் ஊருக்குப் போன் போட்டான். காசிவேல் அண்ணாச்சி மறுபேச்சில்லாமல் கிளம்பி வந்துவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, தங்கமான மனுஷர். இஸ்திரி போட்ட வேட்டி, கையில் அரிவாள், தோளில் தண்ணீர் பாட்டில். வாசல் காவலர் அரிவாளை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார். 'கொல்பவர்' என்று எழுதிய அட்டையை அவர் சட்டையில் குத்திவிட்டார்.

இரண்டு வீட்டுக்கும் மூன்று தலைமுறைப் பகை. ஒரு வாய்க்காலில் தொடங்கியது. அந்த வாய்க்கால் எப்போதோ தூர்ந்து, அதன்மேல் பஸ் ஸ்டாப் வந்துவிட்டது. ஆள் மாற்றி ஆள் விழுந்து இப்போது பூவலிங்கத்தின் முறை. பாவம், அவன் ஒரு கோழியைக்கூட அறுத்தவனில்லை. காசிவேலுக்கும் அவனை வெட்ட மனசில்லை. வீட்டில் விட்டால்தானே? இவன் இங்கேயே தங்கிவிட்டால், எட்டாத தூரத்தில் இருக்கிறான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆக, விண்ணப்பம் தேறவேண்டுமென்று இருவரும் வேண்டாத சாமியில்லை.

இந்த இரண்டு வீட்டாரும் வழியில் பார்த்தால் பேசுவார்கள். நலம்கூட விசாரிப்பார்கள். ஒருவர் கையால் ஒருவர் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். குடித்தால் அந்த இருவருக்குள் பகை முடிந்தது.

விசாரணை நூற்றுப் பத்தாம் அறையில். நடக்க நடக்க நடைவழி நீண்டது. நாற்பதாம் அறையைத் தாண்டினால் மறுபடி பன்னிரண்டு வந்தது. காலையில் நடக்கத் தொடங்கியவர்களுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் கதவு கிடைத்தது.

அதிகாரி ஓர் அம்மாள். நல்ல தமிழ் பேசினாள். அங்கே அவரவர் பயப்படுகிற மொழியில்தான் விசாரிப்பார்களாம். ஆபத்துக்கு என்ன அத்தாட்சி என்று கேட்டாள். பூவலிங்கம் வாயைத் திறந்தான். விக்கல் வந்தது.

"யார் நினைக்கிறார்கள்?" என்றாள்.

"என் தம்பி மாசானம்தான் நினைக்கான்" என்றார் காசிவேல். "எந்நேரமும் அவனுக்கு இவன் நெனப்புதான்."

அவள் முகம் மலர்ந்தது. இதைவிட நல்ல அத்தாட்சி இந்த வருஷம் வரவில்லை என்றாள். 'ஆபத்து உறுதி' முத்திரையை எடுத்து மையில் ஒற்றினாள். அதற்குள் விக்கல் வலுத்துவிட்டது. பூவலிங்கத்துக்குக் கண் பிதுங்கியது. மூச்சுக்குத் தவித்தான். காசிவேலுக்குப் பொறுக்கவில்லை. பாட்டிலைத் திறந்து நீட்டினார். அவன் வாங்கி மடமடவென்று குடித்தான்.

விக்கல் நின்றது. முத்திரையும் பாதி வழியில் நின்றது.

"அண்ணாச்சி, குடிச்சுட்டனே" என்றான் பூவலிங்கம்.

"இவர் இனி உங்கள் பகையாளி இல்லை" என்றாள் அதிகாரி.

"அது விக்கலுக்குக் கொடுத்ததும்மா" என்றார் காசிவேல்.

"விக்கலுக்குத் தனிக் கட்டம் இல்லை."

மாசானம் தண்ணீர் கொடுக்கவில்லையே, அவன் பகை அப்படியேதானே இருக்கிறது என்று காசிவேல் மன்றாடினார். அப்படியானால் மாசானம் வந்து கையொப்பமிட்டிருக்க வேண்டும், கோப்பு மூடியாகிவிட்டது என்றாள். அவளுக்கும் வருத்தம்தான். முத்திரையைத் துடைக்கும்போது கண் கலங்கியிருந்தாள்.

திரும்பும்போது நடைவழி நாலே எட்டுதான் இருந்தது. வாசலில் காசிவேல் டோக்கனை நீட்டினார். அரிவாளுக்கு அடைக்கலம் கிடைத்துவிட்டது என்றார் காவலர்.

கதவைத் திறந்தால் ஊர் பஸ் ஸ்டாப். மாசானம் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையாலும் அரிவாளைப் பிடித்திருந்தான். பூவலிங்கத்துக்கு மறுபடி விக்கல் எடுத்தது.

காசிவேல் ஓடிப்போய்ப் பாட்டிலைத் தம்பி முன்னால் நீட்டினார்.

"கொடுலே. ஒரு வாய் கொடு, போதும்."

மாசானம் பாட்டிலையே பார்த்தான். அதை வாங்க அவனுக்கு ஒரு கையாவது காலியாக வேண்டும். பூவலிங்கம் அவன் முன்னால் போய் இரண்டு கையையும் குவித்து வாயருகே வைத்துக் குனிந்தான். குனிந்தால் கழுத்து தெரியும். வேறு எப்படிக் குடிப்பது? அப்படியே நின்றான். விக்கல் இன்னும் நிற்கவில்லை.