ஒரு பக்க முட்டு

அது எண்பத்து நான்காம் வருடமா ஐந்தாம் வருடமா என்பது உறுதியாக நினைவில்லை. மதலைமுத்துவைக் கேட்டால், கிணற்றுக்கு மோட்டார் வந்த மறு வருடம் என்பான். அவன் மனைவி ராஜமேரி, கோயில் கோபுரத்துக்கு வெள்ளையடித்த வருடம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒரே வருடம்தானா என்று சொல்ல ஊரில் ஆளில்லை. ஊஞ்சல் பலகைக்குப் பூசியது பச்சையா நீலமா என்பதிலும் அப்படியே. ஆனால் அது எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. கிணற்றுப் பக்கம்.

பொம்மிடியில் ரயில் வந்து நிற்கும் சத்தம் காற்று அடிக்கும் திசையைப் பொறுத்துக் கேட்கும் தூரத்தில் இருந்தது அந்த வீடு. சித்திரை மாதத்துக் காலையொன்றில் மதலைமுத்து வீட்டுக்குப் பின்னால் கடப்பாரையால் குழி போட்டுக்கொண்டிருந்தான். முழங்கால் ஆழம் போவதற்குள் பாறை தட்டியது. இடம் மாற்றிப் போட்டான். அங்கேயும் பாறை. வேலியோரம் இரண்டு கருவேலங்கால்கள் கிடந்தன. மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த காலத்தில் கிணற்று மேட்டில் உருளையைத் தாங்கி நின்றவை. மோட்டார் வந்ததும் பிடுங்கிப் போட்டிருந்தான். தண்ணீரும் வெயிலும் குடித்துக் கறுத்துப்போன கால்கள். தட்டினால் இரும்பு மாதிரிச் சத்தம் வரும்.

பக்கத்துக் காட்டு முனியப்பன் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று வெகுநேரம் பார்த்தார்.

"என்னாப்பா மதல, ஆடு உரிச்சுத் தொங்கவிடறதுக்கா?"

"இல்லீங்கண்ணா."

"அப்ப மணி கட்டறதுக்கா? சாமியாரு இனிமே ஒங்கூட்டுலயே பூச வெக்கறேன்னுட்டாரா?"

"ஊஞ்சலுங்க."

முனியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒனக்கும் ராஜமேரிக்குமா? இந்த வயசுலயா?"

மதலைமுத்து சிரித்தான். யாருக்கு என்று சொல்லவில்லை. முனியப்பனுக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வேலித் தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, காலின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தார்.

ஓசூரிலிருந்து ஞானமேரி வருகிறாள். மதலைமுத்துவின் அண்ணன் சவரியும் அண்ணி ரோசம்மாளும் கோயில் திருவிழாவுக்கு அவளை அழைத்து வருகிறார்கள். சவரிக்கு அங்கே ஒரு கம்பெனியில் வேலை. கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளையில்லை. மதலைமுத்துவுக்கு மூத்தது பையன். இரண்டாவதாகப் பெண் பிறந்து ஞானஸ்நானம் முடிந்த அன்று, பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்த சவரி நிமிர்ந்து, "இவள எங்களுக்குக் குடுத்துடேன்டா" என்றான். விளையாட்டுக்குச் சொன்னது போலத்தான் இருந்தது. பிள்ளையில்லாத அண்ணனுக்குத் தம்பி பிள்ளையைக் கொடுப்பது அவர்கள் வகையறாவில் புதிதல்ல. எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. பால் மறந்ததும் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். ராஜமேரி அன்று தூளியை அவிழ்த்துத் துவைத்துக் காயப்போட்டு மடித்துப் பெட்டியில் வைத்தாள்.  இப்போது ஞானமேரிக்கு ஏழு வயது. சவரியை அப்பா என்பாள், மதலைமுத்துவைச் சித்தப்பா என்பாள். அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று இரண்டு வீட்டிலும் யாரும் யாரையும் கேட்டதில்லை.

கிறிஸ்துமஸ் கழித்து மதலைமுத்து ஓசூர் போயிருந்தான். கம்பெனிக் குடியிருப்பில் சின்னதாக ஒரு பூங்கா. அதில் இரும்பு ஊஞ்சல். பொழுது சாய்ந்த பிறகும் ஞானமேரி அதைவிட்டு இறங்கவில்லை. "ஊருக்கு வரியா பாப்பா?" என்று கேட்டான். "அங்க ஊஞ்சல் இருக்குதா சித்தப்பா?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் மனம் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டது. கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்கிறவன் மனுஷன் இல்லை. அதில் அவனுக்கு இரண்டாம் யோசனை இல்லை. ஆனால் பிள்ளையே, நான் இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டால்? அப்போது கேட்டவன் என்று யாரும் இல்லை. அண்ணன் முகத்தையும் பார்க்கலாம், ராஜமேரி முகத்தையும் பார்க்கலாம். முழுதாக வேண்டாம், ஒரு கோடை லீவு முடியும்வரை இருந்தாலே போதும். இப்படி நினைக்கும்போது நெஞ்சில் ஏதோ லேசாகும். மறு நிமிஷமே, நான் எதற்கு ஆசைப்படுகிறேன், பிள்ளைக்கா, அண்ணனுக்கு முன்னால் ஒருதடவை அப்பனாக நிற்பதற்கா என்று குழம்பும். அந்தக் குழப்பத்தில் கை சும்மா இருக்க மறுத்தது. அதனால் குழி தோண்டினான்.

ராஜமேரி கழுநீர்ப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அந்தப் புளியமரத்துல ஒரு கயித்தப் போட்டுவுட்டா ஆடாதா?"

"மரத்துல கட்டுனா யாரு வேணா ஆடுவாங்க."

"இது?"

அவன் மறுபடி கடப்பாரையைக் குழிக்குள் இறக்கினான். அவள் கறுத்த கால்களைப் பார்த்தாள். "இருந்த தூளிய அவுத்து மடிச்சாச்சு. இப்ப ஊஞ்சலு" என்று சொல்லிவிட்டு மாட்டுத் தொட்டிப் பக்கம் போனாள். கோபமா, இல்லை அவளுக்கும் உள்ளே அதே லேசா என்று அவன் அவளது முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றான்.

வேலை நாலைந்து நாள் இழுத்தது. மேலே குறுக்கே போட ஒரு வேப்பம் விட்டம் கிடைத்தது. உளியால் கால்களின் தலையில் பள்ளமாகத் தாடை வெட்டி, விட்டத்தைக் கால்மேல் உட்காரவைத்து, போல்ட் போட்டு முடுக்கினார்கள். உடைந்த வண்டியின் பக்கப் பலகையை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். ஒரு சிலும்புகூட இல்லாமல் தேய்த்தான். தேய்த்துவிட்டுத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்த பிறகே பெயிண்ட் பூசினான். கயிறு, பழைய கவலை வடம். குழி ஆழம் போதாததால் கால்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டைப் பார்த்த பக்கமாக, காலுக்கு ஒன்றாகச் சாய்வாக முட்டு நிறுத்திக் கல் வைத்து இறுக்கினார்கள். கிணற்று மேட்டில் அந்தக் கால்கள் அப்படித்தான் நின்றன. மாடு வீட்டுப் பக்கமாக இழுக்கும், பாரம் அந்தப் பக்கமாகத்தான் வரும், முட்டும் அந்தப் பக்கம்தான். எதிர்ப்பக்கம் முட்டுக் கொடுக்க எவனுக்கும் தோன்றியதில்லை. சோதித்தபோதும் இருவரும் வடத்தைப் பிடித்துக்கொண்டு மாடு மாதிரி வீட்டுப் பக்கமாகவே இழுத்தார்கள். அசையவில்லை.

"யானயக் கட்டலாம்" என்றார் முனியப்பன்.

ஓசூரிலிருந்து அவர்கள் மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஞானமேரி வளர்ந்திருந்தாள். அவன் மனதில் பலகையில் உட்கார்ந்திருந்த பெண் இவளைவிடச் சின்னவள். கால் தரையில் இழுபடுமே என்று வந்தவுடனேயே கயிற்றை அவிழ்த்து ஒரு சுற்றுக் கூடச் சுற்றி உயர்த்தினான். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"நீங்களே செஞ்சீங்களா சித்தப்பா? கடையில வாங்கலயா?"

"நானேதான்."

"எங்க பார்க்ல இரும்புல இருக்கும். அதுல துரு ஒட்டும்." பலகையைத் தடவினாள். "இது வழுவழுன்னு இருக்குது."

மதலைமுத்துவுக்கு அது போதும் போல இருந்தது. சவரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் கல்லில் உட்கார்ந்தான். ரோசம்மாள் பயணப் பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. ராஜமேரி துவைக்கிற கல்லருகே, எதையோ அலசுவது போல. மதலைமுத்து பிள்ளையின் முதுகில் கை வைத்துத் தள்ளினான். சின்ன முதுகு. கவுனுக்கு உள்ளே வேர்த்திருந்தது. மெதுவாகத் தள்ளினான், கொஞ்சம் கூடத் தள்ளினான். ஊஞ்சல் வீட்டை நோக்கிப் போகும், அவள் தலைமுடி பின்னால் பறக்கும். திரும்பி வரும், முகத்தில் வந்து விழும். "இன்னும் வேகமா சித்தப்பா" என்றாள். அந்தக் குரலில் அவன் தன்னை மறந்து தள்ளினான். இப்போது கேட்டால் சொல்லிவிடுவாள் என்று தோன்றியது. கேட்காமலே சொல்லிவிடுவாள் என்றும் தோன்றியது.

ஊஞ்சல் போகும்போது கருவேலங்கால்கள் முட்டில் உட்கார்ந்து நின்றன. திரும்பி மேலே வந்தபோது வீட்டுப் பக்க முட்டுகள் இரண்டும் கல்லைவிட்டு எழும்பின. குழி மண் வாய் பிளந்தது. விட்டம் அவன் தலைக்கு மேலே கிணற்றுப் பக்கம் நகர்ந்து வருவதை அவன் பார்த்தான். என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் உடம்பு போய் ஒரு காலுக்குத் தோள் கொடுத்திருந்தது. ராஜமேரி எப்போது வந்தாள் என்று தெரியாது. பலகையிலிருந்து பிள்ளையை அப்படியே வாரி மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

 ரோசம்மாள் பாதி தூரம் வந்து நின்றுவிட்டாள். ராஜமேரி இறக்கிவிடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். இறக்கிவிட வேண்டிய நேரம் தாண்டி, இன்னும் தாண்டிப் போனது.

"சித்தி, விடுங்க. மூச்சு முட்டுது" என்றாள் ஞானமேரி.

ராஜமேரி கண்ணைத் திறந்து, பிள்ளையைத் தரையில் நிறுத்தி, கவுனைச் சரிசெய்துவிட்டு, துவைக்கிற கல்லுக்கே திரும்பிப் போனாள்.

பயம் பெரியவர்களுக்குத்தான். பிள்ளை சாய்ந்த காலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி பலகையில் ஏறி உட்கார்ந்தாள். இறங்கு என்றால் கேட்கவில்லை. மண்ணை மிதித்து இறுக்கி, மதலைமுத்து கிணற்றுப் பக்கம் கொஞ்சம் தள்ளி நின்று, கைகளை நீட்டி விரித்து இரண்டு கால்களையும் பிடித்துக்கொண்டான். அப்படி இரண்டு கையும் கால்களில் இருந்தால் அவனால் தள்ள முடியாது.

"அப்பா, நீ வந்து தள்ளு. சித்தப்பா புடிச்சுக்குவாரு" என்றாள்.

சவரி எழுந்து வந்து தள்ளினான், வீட்டுப் பக்கம் நின்று, அவள் முழங்காலைப் பிடித்து, மெதுவாக. ஒவ்வொரு முறையும் பிள்ளை மதலைமுத்துவின் முகத்துக்கு மிக அருகே வந்துவிட்டுப் போனாள். அவள் வரும்போதெல்லாம் கால்கள் அவன் உள்ளங்கையில் அழுந்தின. அவன் பல்லைக் கடித்துத் தாங்கினான். அவள் போனதும் பாரம் இல்லை. மறுபடி வந்தாள்.

சாயங்காலம் திருவிழாச் சப்பரம் ஜோடிக்கப் பெண்களும் பிள்ளையும் கோயிலுக்குப் போன பிறகு அண்ணனும் தம்பியும் பின்வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சவரி பீடி பற்றவைத்தான். பாதி பீடி தீரும்வரை ஊஞ்சலையே பார்த்தான்.

"என்னா நெனச்சுடா இதக் கட்டுன?"

"தெரியலண்ணா."

"பொய் சொல்லாத."

"நெசமாத்தான். கட்டறப்ப தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு."

சவரி பீடியைத் தரையில் தேய்த்தான். "ராஜமேரி புள்ளய வுடாம நின்னத ரோசம்மா அப்பவே பார்த்துட்டா. ஒங்கிட்டச் சொல்லச் சொன்னா. லீவு முடியற வரைக்கும் வேணும்னா இங்கயே இருக்கட்டும்ங்கறா." சொல்லிவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை.  "வுட்டுட்டுப் போவட்டுமா?"

இதற்குத்தானே குழி தோண்டினான். பலகையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தது இதற்குத்தானே. மதலைமுத்து வாயைத் திறந்தான். ராஜமேரி கண்ணை மூடி நின்றது தெரிந்தது. மூச்சு முட்டுது என்ற குரல் கேட்டது. அண்ணன் அணைந்த பீடியை இன்னும் கையில் வைத்திருந்தான்.

"வேணாண்ணா" என்றான். "அந்தப் பக்கம் இன்னும் முட்டுக் குடுக்கல."

சவரி தலையாட்டினான். முட்டுக் கொடுக்க அரை நாள் போதும் என்று இருவருக்கும் தெரியும். இருட்டும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். 

திருவிழா முடிந்த மறுநாள் காலை பஸ்ஸில் அவர்கள் போனார்கள். ஏறும்போது ஞானமேரி ஜன்னல் வழியே, "அடுத்த தடவ வரப்ப ஊஞ்சல் இருக்குமா சித்தப்பா?" என்றாள். "இருக்கும்" என்றான். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கிணற்றுப் பக்கம் இரண்டு முட்டு வெட்டி நிறுத்தினான். முனியப்பன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, அன்று எதுவும் கேலி பேசாமல் கல் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். கல் இறுக்கி நிமிர்ந்தபோது ராஜமேரி வந்து நின்றாள். கோயிலில் அண்ணி அவளிடமும் அதைச் சொல்லியிருந்தாளா, அவன் வேண்டாம் என்றது அவளுக்குத் தெரியுமா என்று அவன் பயந்தான். அவள் சேலையை ஒதுக்கிக்கொண்டு பலகையில் உட்கார்ந்து இரண்டு பக்க வடத்தையும் பிடித்துக்கொண்டாள்.

"தள்ளுங்க" என்றாள்.

தள்ளினான். கால்கள் எந்தப் பக்கமும் அசையவில்லை. அவள் முகம் முன்னால் இருந்ததால் அவனால் பார்க்க முடியவில்லை.

ராஜமேரி இப்போது இல்லை. சவரி ஓய்வு பெற்று ஓசூரிலேயே வீடு கட்டிக்கொண்டான், சர்க்கரை வியாதி. ரோசம்மாள் அவனைப் பார்த்துக்கொள்கிறாள். முனியப்பனின் காட்டை அவர் மகன்கள் பிரித்துக்கொண்டார்கள். மதலைமுத்துவின் மூத்த பையன் சேலத்தில் டிரைவர். ஞானமேரி நர்ஸ் படித்து ஆந்திராவில் வேலை செய்கிறாள். பையன் கல்யாணத்துக்கு வந்தாள், ராஜமேரி அடக்கத்துக்கும் வந்தாள். சித்தப்பா என்றுதான் கூப்பிடுகிறாள். மதலைமுத்து தனியாக இருக்கிறான். வடம் எப்போதோ இற்று விழுந்துவிட்டது, பலகையைக் கரையான் தின்றது. கால்களும் இரண்டு பக்க முட்டுகளும் அப்படியே நிற்கின்றன. விட்டத்தின் மேல், வடம் உராய்ந்து குழிந்த இடத்தில், மழைத் தண்ணீர் கொஞ்சம் நிற்கும். குருவி வந்து குடிக்கும்.