மேற்குப் பார்த்த வீடு

பவளம் ஆண்ட்டி தன் வாடகை வீட்டின் கதவைத் திறந்ததும் வெக்கை யாமினியின் முகத்தில் அடித்தது. அதுவரை குளிரூட்டிய நடைவழியில் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தவர்கள் வாசலிலேயே தயங்கினார்கள். எல்லோரும் கட்டடக் கலைஞர்கள். லைசென்ஸைப் புதுப்பிக்க ஆண்டுதோறும் கட்டாயம் படிக்க வேண்டிய வகுப்புகளில் இதுவும் ஒன்று. தலைப்பு பசுமைக் கட்டடம். சிட்னியின் வென்ட்வேர்த்வில் பகுதியில் விருது வாங்கிய இந்த அடுக்குமாடியிலேயே பாடம். நடத்துபவர் ஸ்டூவர்ட், கட்டடத்தை வடிவமைத்தவரும் அவர்தான், யாமினியின் முதலாளியும் அவர்தான். மலேசியாவிலிருந்து படிக்க வந்து, சிட்னியிலேயே தங்கிவிட்ட யாமினிக்கு அவரிடம் இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை.

"கோடையில் வசதியாக இருக்கிறதா என்று கேள்," என்றார் ஸ்டூவர்ட். இலங்கைத் தமிழரான பவளத்துக்கு ஆங்கிலம் அதிகம் வராது. குடியிருப்பின் மேனேஜர் நடாலி பக்கத்திலேயே நின்றாள். யாமினி தமிழில் கேட்டாள்.

பவளத்தின் முகம் மலர்ந்தது. "நான் சிரிச்சுக்கொண்டுதான் கதைப்பன் பிள்ளை, நீரும் சிரியும். பின்னேரத்தில இதுக்குள்ள இருக்கேலாது. போன கிழமை என்ர மனிசன் மயங்கி விழுந்து அம்புலன்சில கொண்டுபோனவை. இப்ப டூங்கபியில மகளின்ர வீட்டில விட்டிருக்கிறன். இதொண்டும் அவையளிட்டைச் சொல்லிப்போடாதையும். லீஸ் முடியுது. உந்த மனிசி மனம் வைச்சால்தான் திரும்பத் தருவினம்."

நடாலியும் சிரித்தாள். யாமினி உதடுகளை இழுத்து வைத்துக்கொண்டாள். கன்னம் வலித்தது.

"சரிங்க ஆண்ட்டி, சொல்ல மாட்டேன்."

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் ஸ்டூவர்ட்.

"எல்லோரும் வந்ததில் சந்தோஷமாம்," என்றாள் யாமினி.

ஸ்டூவர்ட் திருப்தியோடு திரும்பினார். கீழே லாபியில் காப்பி வைத்திருக்கிறது, மீதிப் பாடத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம் என்றாள் நடாலி. கூட்டம் நகரத் தொடங்கியது. மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதில் திறக்கக்கூடிய ஒரே ஜன்னல் ஒரு கையளவுதான் திறந்திருந்தது. அதன் கீழே ஆண்கள் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. இவர்கள் போய்விடுவார்கள், எல்லோருக்கும் லைசென்ஸுக்கு வேண்டிய புள்ளி கிடைக்கும், அந்த மனிதரை மறுபடி இங்கேதான் கூட்டிவருவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

"ஸ்டூவர்ட், அடுத்த பகுதி மேற்கு வெயிலும் கண்ணாடியும்தானே? இங்கேயே நடத்தலாமே. கண்ணாடி கண் முன்னாலேயே இருக்கிறது." யாரும் பதில் சொல்வதற்குள் அவள் திரைச்சீலையை முழுதாக விலக்கினாள். வெயில் சோபாவைத் தாண்டிச் சமையலறை வரை பாய்ந்தது. எல்லோரும் திரும்பி உள்ளே வந்ததும் நடைவழிக் கதவைச் சாத்தினாள்.

"என்ன பிள்ளை செய்யிறீர்?" பவளத்தின் குரல் நடுங்கியது. சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"நா ஒண்ணுமே சொல்லலியே ஆண்ட்டி."

ஸ்டூவர்ட் பேசினார். காற்றோட்டம் பற்றிச் சொல்லும்போது கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். ஒருவர் கையிலிருந்த தாளால் விசிறிக்கொண்டார். முன்வரிசையில் நின்ற பெண் ஜன்னலைத் தள்ளிப் பார்த்தாள், அது அசையவில்லை. "இவ்வளவுதான் திறக்குமா?" என்று கேட்டாள். ஸ்டூவர்ட் நிறுத்தினார். கண்ணாடியில் கையை வைத்தவர் உடனே எடுத்துவிட்டார்.

நடாலி கதவருகே போய்ப் பிடியில் கைவைத்தாள். யாரும் அவள் பின்னால் போகவில்லை.

ஸ்டூவர்ட் மெதுவாக யாமினி பக்கம் வந்தார். "அந்த அம்மா உண்மையில் என்ன சொன்னார்?"

அவள் பவளத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஸ்டூவர்ட்டின் பார்வையும் அங்கே போகும். "வகுப்பு இன்னும் பாதி இருக்கிறது, ஸ்டூவர்ட்," என்றாள்.

ஸ்டூவர்ட் கையளவே திறந்த அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பவளம் சமையலறையிலிருந்து தண்ணீர்த் தட்டோடு வந்தார். "இருங்கோ, இருங்கோ," என்று ஸ்டூவர்ட்டுக்கு ஒரு நாற்காலியைக் காலால் நகர்த்தினார். தட்டில் இருந்த கண்ணாடி டம்ளர்கள் ஒன்றையொன்று மெல்ல இடித்துக்கொண்டே இருந்தன.